கண் அளவு

கட்டக் காகிதத்தில், ஐம்பதில் ஒன்றாய்,
வரைந்திருக்கிறேன் வாயை.
மேல்கயிறு பதினொரு மீற்றர்.
மிதப்பு பதினான்கு.
அடிக்கயிற்றில் ஈயம் குறைத்து றப்பர் வட்டுகள்,
சேற்றை உழாமல்
தடவிக்கொண்டு போக.

பிடிக்கிறவனுக்கு நிறைய வேண்டும்.
எனக்கு ஒரே மாதிரி வேண்டும்:
சித்திரையிலும் ஐப்பசியிலும்
அதே வாய், அதே வேகம், அதே இருபது நிமிடம்.
கொஞ்சம் பேராசை புகுந்தாலும்
கணக்குப் பிசகும்.

"றோலரோ?" என்றார் பெனடிற்,
நாச்சிக்குடாத் துறையில்
படத்தைத் தலைகீழாய்ப் பிடித்தபடி.
அந்தச் சொல்லைத் துப்பினார்.
அக்கரை வெளிச்சங்கள் வந்துபோன இரவில்
அறுந்த வலைக்கு
பாங்குக் கடன் இன்னும் ஓடுகிறது.
"சின்னது" என்றேன். "எண்ண மட்டும்."
"பாம்புக் குட்டியும் சின்னன்தான், பிள்ளை."

எண்டாலும் படகு தந்தார்.
வாடகை இரண்டு மடங்கு.

மடிக்கு முப்பத்தெட்டு மில்லிமீற்றர் கண்.
ஓட்டையைத்தான் கண் என்கிறோம்.
அதைச் சுற்றித் தளர்வாய் இன்னொரு மடி,
பன்னிரண்டு மில்லிமீற்றர்;
முதலாவதில் நழுவினதெல்லாம் அதில் சேரும்.

"தப்பினதையும் எண்ணுவியளோ?"
"அதுதான் முக்கியம்."
கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.
"முகாமிலை எங்களை நாளுக்கு மூண்டு தரம் எண்ணினவை.
ஒருநாளும் ஒரே கணக்கு வரேல்லை."
பிறகு விஞ்சைத் திருப்பினார்.

முதல் இழுவை.
எமல்டா மேசையில் பிரித்தாள்.
காரல் நானூற்றிப் பன்னிரண்டு.
வெளிமடியில் விரல்நீளக் காரல்
மூவாயிரத்துக்குக் கிட்ட.
நண்டு ஒன்பது. திருக்கை ஒன்று, அதை விட்டோம்.
அடியில், சேறு அப்பி,
நீல நைலோன் வலைத்துண்டு;
அதன் மிதப்பில் சிவப்புக் கியூடெக்ஸால் ஒரு சிலுவை.

பெனடிற் மிதப்பைக் கழுவினார்.
"தையிலை போனது. மகள் கீறின அடையாளம்."

படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.
எமல்டா என்னைப் பார்த்தாள்.
நிறு என்றேன்.
'வேறு' என்ற கட்டத்துக்குள் நுணுக்கி எழுதினாள்:
வலை, ஈரம், இரண்டு கிலோ நூறு.

வாயின் அகலத்தை ஓடிய தூரத்தால் பெருக்கி
வாரிய பரப்பைக் கண்டேன்.
ஒரு இழுவையை வைத்து ஒன்றும் சொல்லக்கூடாது,
அது எனக்குத் தெரியும்.
தெரிந்துகொண்டே
அந்த ஒரு துண்டை
முழுக் கடலுக்கும் பெருக்கினேன்.

பென்சிலைக் கீழே வைக்கிறேன்.
"என்ன, அடுத்ததை இறக்குவமோ?" என்கிறார் பெனடிற்,
துண்டை மடித்துக்
காலுக்கடியில் வைத்தபடி.