வலைக்கண்

வோல்டா ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கிழக்கே,
காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் நாக்கு.
அதன்மேல் வாடகை அறை, மின்விசிறி, மடிக்கணினி, நான்.

என் வலைக்கு ஐம்பது மீட்டர் கண்.
செனானுவின் வலைக்கு ஒரு விரல் கண்.
ஒரே கடலைத்தான் அள்ளுகிறோம்.
அவனுக்கு நெத்திலி,
எனக்கு எண்கள்.

தென்மேற்கு எல்லையைத் திறந்து அலையை உள்ளே விடுகிறேன்:
ஒன்றரை மீட்டர் உயரம், பன்னிரண்டு நொடிக்கு ஒன்று.
மிதவை சொன்னதும் மாதிரி சொல்வதும்
கைகோத்து வருகின்றன எல்லாப் புள்ளியிலும்,
ஏழாவது தவிர.
அங்கே மட்டும் நீரோட்டம்
நான் கணித்ததில் பாதி.

உராய்வுக் கெழுவைக் கூட்டினேன்.
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
தெரியாததற்கெல்லாம் நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது;
அந்த உப்பைத் தூவித்தான்
பாதி அறிக்கைகள் வாயில் வைக்க முடிகிறது.
ஏழு சரியானது. எட்டும் ஒன்பதும் கெட்டன.

கடலுக்குப் போகாத நாள்.
செனானு கிழிசலை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தான்.
எங்கே கிழிந்தது என்றேன், சும்மா பேச்சுக்கு.
"தபால் ஆபீசில்."
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
ஊசி முனையால் கடலைக் காட்டினான்:
அதோ தபால் ஆபீஸ், இந்தப் பக்கம் அக்பெனேயின் ரொட்டிக் கடை,
அப்புறம் சர்ச்.
சர்ச் மேல் யாரும் வலை விடுவதில்லை,
பக்தியால் அல்ல,
கயிறு அறுந்துவிடும்.

என் அளவைப் படகு அந்தப் பக்கம் போனதே இல்லை.
இரண்டு கோடுகளுக்கு நடுவே கிடந்த தெருவை
இடைக்கணித்து
வழவழ மணலாக்கியிருந்தேன்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
நான் ஊரையே விட்டிருந்தேன்.

இரவு, மின்சாரம் வந்ததும்,
கண்ணைப் பத்து மீட்டராகச் சுருக்கினேன்.
அவன் சொல்லச் சொல்லத் தட்டினேன்:
தபால் ஆபீஸ், தரையிலிருந்து ஒன்று புள்ளி நான்கு.
ரொட்டிக் கடை, சுவர் மட்டும்.
சர்ச், இரண்டுக்கு மேல்.
ஒரு வீட்டுக்கு மட்டும் உயரம் சொல்லவில்லை.
"அதுக்கு வாசல் கிழக்கே" என்றான்.

பத்து மீட்டர் கண்ணில் வாசல் தெரியாது.
ஆனாலும் கிழக்கே ஒரு கட்டத்தைத் தாழ்த்தி வைத்தேன்.

ஓடவிட்டேன்.
ஏழாம் புள்ளியில் தண்ணீர் தயங்கியது,
சுற்றியது, பாதி வேகத்தில் வெளியே வந்தது.

விடியும்போது பிழை மூன்று சதவீதம்.
அலைத்தடுப்பு எவ்வளவு நீளம் என்பதை இனிப் பேசலாம்.
அறிக்கையில் உராய்வுக் கெழு என்ற பத்தி
இன்னும் காலியாக இருக்கிறது.
செனானு மேசைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறான்,
விரலில் ஊசி நூலோடு.