பன்னிரண்டுக்கு இருபத்தாறு

எடுத்தவுடன் தண்ணீரை இறைத்துவிடக் கூடாதாம்.
அமாவாசை கழியட்டும் என்றார் நம்புமுருகன்,
உடைக்கிற எந்திரத்தோடு உச்சிப்புளியிலிருந்து வந்தவர்.
கடல் ஏறினால் அடியூற்றும் ஏறும்,
காலித் தொட்டி வள்ளம் மாதிரி மிதந்துவிடும்.
தேவிபட்டினத்தில் ஒரு வீட்டில்
விடிவதற்குள் முக்கால் அடி எழும்பி
சமையல்கட்டுச் சுவர் விட்டுப்போனதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
நீச்சல் தெரிந்த குளம்.

பாகம் பிரித்ததில் கோடு அதன் நடுவே விழுந்தது.
ஆழமான பக்கம் எனக்கு,
படிப்பக்கம் கொழுந்தன் சுபைருக்கு.
அவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும்.

கீழக்கரையில் எங்கள் வாசலிலிருந்து
கடலுக்கு முந்நூற்றுப் பத்து எட்டு.
ஒருநாளும் நான் கால் நனைத்ததில்லை.
இங்கே மதில் உயரம்.
இஷா முடிந்து, வீடு உறங்கியபின்
நைட்டியோடு இறங்குவேன்.
முப்பத்தெட்டு வயதில்,
விளிம்பைப் பிடித்து, விட்டு, பிடித்து,
ஒருநாள் பிடிக்க மறந்து.
காலையில் குளோரின் வாடை போகாது.
மாமி கேட்டால்
பாத்ரூம் கழுவினேன் என்பேன்.
வீட்டிலேயே சுத்தமான பாத்ரூம் என்னுடையது என்று
ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இறைத்த தண்ணீர் தெருவில் ஓடியது,
லாரிக்காகக் குடங்கள் காத்திருக்கும் அதே தெருவில்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பையன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
அதன் கூடவே முக்குவரை நடந்தான்.

அடியில் ஏழு ஓட்டை போட்டார்கள், ஓரடி அகலத்தில்.
போடாவிட்டால் மண்ணுக்குள்ளும் அது குளமாகவே இருக்குமாம்.
ஓட்டை வழியே பழுப்பாய் ஊறி வந்ததை
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கடல்.
நான் மல்லாந்து மிதந்த இரவெல்லாம்
அரையடி கான்கிரீட்டுக்குக் கீழே
இதுவும் படுத்திருந்திருக்கிறது.

அப்புறம் சுவர்கள், மூன்றடி வரை.
கம்பி எடைக்குப் போனது.
நீலச் சில்லும் சிமெண்டும் உள்ளேயே விழுந்தன.
மேலே கிராவல்,
அடிக்கு ஒருதரம் தண்ணீர் விட்டு
இடி இடி என்று இடித்து
நாலாம் நாள் தரை.

ஏணியைக் கேட்டார் நம்புமுருகன்.
எவர்சில்வர், நாலு படி.
தங்கச்சி பாசி எடுக்கப் போகிற வள்ளத்தில்
பொம்பளைங்க ஏற வசதியாயிருக்கும்மா,
கூலியில கழிச்சுக்கங்க.
கழிக்கவில்லை.
எவ்வளவு ஆழத்தில் எடுப்பார்கள் என்று மட்டும் கேட்டேன்.
அவருக்குத் தெரியவில்லை.

மழைக்குக் கொஞ்சம் இறங்கும், பயப்படாதீங்க,
ஒரு போன் போடுங்க, இன்னொரு லோடு அடிச்சுத் தர்றேன்
என்றுதான் போனார்.

ஐப்பசி.
சுபைர் பக்கம் சிமெண்டுத் தரை.
என் பக்கம் ஓரமெல்லாம் கோடு கிழித்தாற்போல்
நாலு விரல் இறங்கியிருக்கிறது,
கணுக்காலளவு தண்ணீரோடு.
நான் இன்னும் போன் போடவில்லை.