நாலு மணி வெயில்

செம்பூரில் இந்த வீட்டுக்குப்
பதினொரு வருஷமாய் வெயில் வந்ததில்லை.
எதிரே கண்ணாடிக் கட்டடம் எழுந்தபின்
அதன் முகத்தில் பட்டுத் திரும்பி
நாலு மணிக்கு வருகிறது, நாற்பது நிமிஷம்.
நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.
மீன்தொட்டி பச்சையானது.

முதலில் ஓரத்தில், மீசை அரும்பினாற்போல்.
பிறகு கல், குழாய், பிளாஸ்டிக் கோட்டை.
காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டினேன்.
மறுவாரம் மறுபடி.

வெளிச்சத்தை நிறுத்து என்றான்
குர்லாவில் மீன் விற்கும் இர்ஷாத்.
மூன்று நாள் கறுப்புப் போர்வை.
ராத்திரியில் உள்ளே ஏதோ
கண்ணாடியை முட்டியது.

இன்று எடுத்தேன்.
தெளிந்த தண்ணீர், வெளிறிய மீன்கள்.
தின்ன ஏதுமின்றி
நத்தை மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

திரைச்சீலை வாங்கியாயிற்று.
மணி மூன்றே முக்கால்.
இன்னும் பிரிக்கவில்லை.