எது முறிய வேண்டும்

தாசையனின் லாரி முன்பு பட்டாளத்தில் இருந்தது.
ஏலத்தில் எடுத்து, பச்சைக்கு மேல் நீலம் அடித்து
பேச்சிப்பாறைக்கு மேலே
ரப்பர் தடி இறக்க விட்டிருந்தார்.
நாலு சக்கரமும் இழுக்கும்.
இருந்தும் ஆனி மழையில் செம்மண் வழுக்கி
இரண்டு நாள் ஓடைக்குள் கிடந்ததில்
அவருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது.

குலசேகரத்தில் என் பட்டறை வாசலில்
நாலு டயரை உருட்டிப் போட்டார்.
நிமிர்த்தினால் ஒவ்வொன்றும் என் நெஞ்சுக்கு வந்தது.
"மாட்டி விடு மக்ளே, சாயங்காலம் லோடு கெடக்கு."

மாட்டலாம். அரை நாள் வேலை.
மாட்டிய பிறகு நடப்பதுதான் என் தொழில்.

பெரிய டயர் என்பது நீளமான கை.
சேற்றில் ஊன்றி முறுக்கும்போது
உள்ளே, எண்ணெயில் ஊறிய இருட்டில்
இரண்டு விரல் கனமுள்ள இரும்புத் தண்டை
ஈரத்துணி போலப் பிழியும்.

ஆக்சிலை இறக்கி, கழுவி,
முனைக்கு முனை நூல் பிடித்தேன்.
நடுவில் ஒரு பத்துப்பைசா நுழையும் இடைவெளி.
பட்டாளம் எங்கோ ஒரு பள்ளத்தில்
இதை முன்பே வளைத்திருக்கிறது.
எந்தப் பள்ளம் என்று இரும்பு சொல்லாது.

நிமிர்த்தினேன். கூட்டின் மேல் முதுகெலும்பு மாதிரி
பட்டைத் தகடு வைத்துப் பற்றவைத்தேன்.
இந்தப் பக்கம் இரண்டு விரல் நீளம்,
பிறகு அந்தப் பக்கம் இரண்டு விரல்,
பிறகு சும்மா இருப்பது.
ஒரே ஓட்டமாக ஓட்டினால்
கட்டிப்பிடிக்க வந்த சூடே வளைத்துவிடும்.
ஆறும் வரை மரச்சீனியும் சாளைக் குழம்பும்.
தாசையனுக்குப் பொறுக்கவில்லை:
"பெர்ஜிலா, இரும்பு என்ன பச்சப்பிள்ளையா,
இவ்வளவு பைய தட்டிக்கிட்டிருக்க?"
முகமூடிக்குள் இருந்தேன். பதில் சொல்லவில்லை.

தண்டை மாற்றி, கனமானது போட்டேன்.
தண்டு முறியாவிட்டால் பல்சக்கரம் உதிரும்.
அதையும் மாற்றினால் கியர்பெட்டி.
பலம் என்பது
முறியும் இடத்தை
அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவது.

"சரி, எது முறியணும்? நீரே சொல்லும்" என்றேன்.
"ஒண்ணும் முறியப்பிடாது."
"அப்படி ஒரு வண்டி இல்ல வோய்."

நான் தேர்ந்தெடுத்தது புரொப்பல்லர் தண்டின் கிராஸ்.
உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிலுவை.
எண்ணூறு ரூபாய், நாலு போல்ட்,
மழையில் டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டே
மாற்றிவிடலாம்.
அதை மட்டும் பழைய அளவிலேயே விட்டேன்.
இன்னொன்றுக்கு கிரீஸ் தடவி, துணியில் சுற்றி
டிரைவர் சீட்டுக்கு அடியில் கட்டினேன்.

"வேணும்னே ஒரு குறைய வச்சிட்டு
அதுக்கும் காசு கேக்குறியா?"
பிரேக்குக்கும் கேட்டேன்.
பெரிய டயரை ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் பாடு.
பிரேக் காசு பிறகு தருவதாகச் சொல்லி
லாரியை எடுத்துப் போனார்.
உயரம் கூடியதால் வாசல் பூவரசில் மேற்கூரை உரசி
இரண்டு கிளை போயிற்று.

ஐப்பசி. இரவு பதினொன்றரை.
அருளப்பன்தான் ஓட்டுகிறவன்; போனில் பின்னால் ஆறு இரைந்தது.
"அக்கா, ஏத்தத்துல டம்முன்னு ஒரு சத்தம்."
"எங்கின?"
"நடுவுல."
படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன்.
"முதல்ல சக்கரத்துக்குக் கல்லு வை.
ஹேண்ட்பிரேக்கை நம்பாத, கேட்டியா.
பிறகு சீட்டுக்கு அடியில பாரு."

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மிஸ்டு கால்.
எடுக்கக்கூடாதது என்று தெரியும். எடுக்கவில்லை.

திங்கட்கிழமை தாசையன் வந்தார்.
உடைந்த சிலுவையை என் வைஸ் பக்கத்தில் வைத்து
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
பிரேக் காசு பற்றிப் பேச்சில்லை.
"இதே மாதிரி
சீக்கிரம் முறியிறதா
ரெண்டு குடு" என்றார்.