நாலாம் கட்டம்

மூன்று மணி பதினேழு. ஆண்.
இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
அழுகை கேட்டதும் அறை முழுவதும்
அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.
டொக்டர் கையுறையைக் கழற்றினார்.
சுனேத்ரா துவாயோடு விளக்கடிக்கு ஓடினாள்.
கதவுக்கு வெளியே யாரோ ஃபோனில்
"பெடியன்! பெடியன்!" என்று
சல்லிக் கடற்கரைக்கே கேட்கக் கத்தினார்கள்.

நான் இந்தப் பக்கம்.
நிலக்சனாவின் தொப்புளுக்குக் கீழே
வலது கையைக் குழித்து வைத்திருக்கிறேன்.

நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்துப் பார்த்தாயிற்று,
ஒரு மடலும் குறைவில்லை.
ஆனாலும் இந்த ஒரு மணித்தியாலத்தை
நான் நம்புவதில்லை.
முன்பொருநாள் வெருகலில் இருந்து
ட்ரக்டர் பெட்டியில் ஒருத்தியை ஏற்றி வந்தார்கள்.
பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் கொழுகொழுவென்று கிடந்தது.
அவள் பேர் மறந்துபோயிற்று.
சட்டையின் மஞ்சள் பூக்களில்
எத்தனை மஞ்சளாக மிஞ்சியிருந்தன என்பது மறக்கவில்லை.

கருப்பை இறுக வேண்டும்.
விளாங்காய் போல உள்ளங்கைக்குள் நிற்கவேண்டும்.
இது நிற்கவில்லை.
ரொட்டிக்குக் குழைத்த மாவாய்
விரலுக்கடியில் தொய்கிறது.
தேய்க்கிறேன். இறுகுகிறது.
கையை எடுக்க, திரும்பவும் தொய்கிறது.

"மிஸ், நோகுது."
"நோகட்டும் பிள்ளை. கண்ணை மூடாதை.
உன்ரை மனுசன்ரை வள்ளத்துக்கு என்ன பேர்?"
"வள்ளம் இல்லை, மிஸ். கூலிக்குத்தான் போறவர்."
"சரி. வாங்கினால் என்ன பேர் வைப்பாய்?"
யோசிக்கிறாள். யோசிக்கட்டும்.
நனைந்த துணியைத் தராசில் போடுகிறேன்.
நூற்றி எண்பது. இன்னொன்று, இருநூற்றிப் பத்து.
சேலைனில் ஒக்சிற்றோசின் ஓடுகிறது.
"சேரை இன்னொருக்கால் கூப்பிடு, சுனேத்ரா."

அப்போதுதான் கை சொல்லிற்று.
கருப்பை நடுவில் இல்லை,
வலப்பக்கமாய் ஒதுங்கி, மேலே ஏறி,
யாரோ கீழேயிருந்து தள்ளுவதைப் போல.
"பிள்ளை, கடைசியாய் எப்ப சலம் போனனீ?"

பதில் இல்லை.
பிறகு, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு,
"நேற்றுப் பின்னேரம்.
டொக்டர் நிண்டவர். கேக்க வெக்கமாய் இருந்தது."

குழாய் போட்டேன்.
எழுநூறு மில்லிலீற்றர்.
ஒரு உயிர் மூத்திரத்தில் தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.
பிரசவத்தைப் பாட வருகிறவர்கள்
இந்த வரியை எங்கே வைப்பார்களோ தெரியாது.
பை நிறைய நிறைய
அது கீழிறங்கி, நடுவுக்கு வந்து,
என் கைக்குள் விளாங்காய் ஆயிற்று.
டொக்டர் வந்து பார்த்து, "குட்" என்றார்.

பதினைந்து நிமிசத்துக்கு ஒருமுறை தொட்டேன்.
இடையில் தொடவேண்டாத நேரத்திலும் தொட்டேன்.
நாலேகாலுக்குக் குறிப்பில் எழுதினேன்:
கருப்பை இறுக்கம். போக்கு மட்டு.
பிள்ளையை நெஞ்சில் போட்டதும்
வாயைத் திறந்து தேடி, தவறி, பிடித்துக்கொண்டது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்கவேண்டிய முகம் அங்கே இருந்தது.

ஏழரைக்குப் படலையடியில்
புள்ளிமான் ஒன்று
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது.
விரட்ட மனமில்லை, கையும் எழவில்லை.
ஸ்கூட்டித் திறப்பைத் திருப்ப
இடது கையால் முயன்றுகொண்டிருக்கும்போது
மேல் மாடி யன்னலில் இருந்து ஒரு குரல்:
"மிஸ்! பேர் யோசிச்சிட்டன்!"

பஸ் ஹோர்ன் அடித்தது.
என்ன பேர் என்று கேட்கவில்லை.