நீல வாளி

ஜனவரி ஞாயிறு. குமாரகிருபா சாலையில்
வண்டிகளுக்குத் தடை, படங்களுக்கு அனுமதி.
ஆளுக்கு ஆறடி நடைபாதை.
எனக்கு வாய்த்தது
மழைமரத்தின் வேர் சிமெண்டைத் தூக்கிவிட்ட இடம்.
ஸ்டூல் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது.

இடப்பக்கம் ஹாவேரி ஈரப்பா:
ஹம்பித் தேர், பதினேழு அளவுகளில்.
வலப்பக்கம் ஒரு கல்லூரிப் பெண்:
பத்து நிமிடத்தில் உங்கள் முகம், இருநூறு ரூபாய்.
அவளுக்கு நின்ற வரிசை
எனக்கு முதுகு காட்டி நின்றது.

முதுகுகள் எனக்குப் பழக்கம்தான்.
மாரிகுப்பத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் இறங்குகிறவனுக்கு
பெங்களூர் என்பதே
வீடுகளின் பின்பக்கம்.
ஓகளிபுரத்தில் சிக்னல் விழாமல்
தினமும் ரயில் நிற்கும்,
ஆறு நிமிடம், சில நாள் பதினொன்று.
கணக்கு நோட்டின் கடைசித் தாள்களில்
ஜன்னல்களை எடுத்துக்கொண்டேன்:
கம்பியில் சொருகிய பல்துலக்கி,
காயும் பள்ளிச் சட்டை,
மஞ்சள் சுவர், ஒரு சிவப்பு வாளி.
ஆட்களை மட்டும் வரையவில்லை.
அதை நான்
நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு ஒயிட்ஃபீல்டு தம்பதி.
மஞ்சள் சுவரின் முன் நெடுநேரம் நின்றார்கள்.
"நல்லாருக்கு. ஆனா சோபா நீலம்.
இதுல நீலமே இல்லையே."
போய்விட்டார்கள்.
ஈரப்பா என்னைப் பார்க்காமல்
தேர்ச் சக்கரங்களைத் துடைத்தார்.

மதியத்துக்குமேல் அவள் வந்தாள்.
இடுப்பில் கொய்யாக் கூடை, விரல்களில் மிளகாய்ப்பொடி.
படத்தருகே குனிந்தாள்.
"இது எங்க வூட்டு ஜன்னலு."

எனக்கு வாய் எழவில்லை.
திருடிய சைக்கிளில் போகும்போது
சொந்தக்காரன் எதிரே வந்த மாதிரி.

"பக்கெட்டு தப்பு. எங்களுது நீலம்.
செகப்பு, பக்கத்தூட்டு டெய்சிது."

அப்புறம் இன்னும் கிட்டே வந்து,
"நான் எங்க?"
ஆட்களை வரைவதில்லை என்றேன்.
"அப்ப அந்தச் சட்டையத் தொவச்சது யாரு, ஜன்னலா?"

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
என் முகத்தை ஒருமுறை அளந்தாள்.
"மூணாவது பெட்டி. கதவாண்ட.
எப்பப் பாரு நோட்டுல எழுதிக்கினே இருப்ப.
வட்டிக்காரன்னு நெனச்சேன்."

ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று
நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

டப்பாவைத் திறந்தேன்.
அவள் பார்த்துக்கொண்டே நிற்க
வாளியை நீலமாக்கினேன்.
"இன்னும் கொஞ்சம் வெளுத்த நீலம். வாங்கி நாலு வருசமாச்சு."
வெளுக்க வைத்தேன்.
காது உடைந்திருக்கும் என்றாள், உடைத்தேன்.
விலைச்சீட்டைப் படிக்கச் சொன்னாள்.
நாலாயிரத்து ஐந்நூறு என்றேன்.
"எங்க வாடகையே அதான்" என்றாள், சாதாரணமாக,
பஸ் நம்பர் சொல்வதைப் போல.
ஒரு கொய்யாவை நாலாகக் கீறிக் கொடுத்து
இருபது ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு
கூட்டத்துக்குள் போனாள்.
லூர்து என்று யாரோ அவளைக் கூப்பிட்டது
பிறகுதான் காதில் விழுந்தது.

ஐந்து மணிக்கு
ஒயிட்ஃபீல்டு திரும்பி வந்தது.
"ஏய், நீலம் இருக்கு பாரு! காலைல கவனிக்கவே இல்ல."
வாளி இன்னும் காயவில்லை, தொடாதீர்கள் என்றேன்.
பேரம் பேசாமல் போனில் பணம் அனுப்பினார்கள்.
பதினாலாவது மாடிக்குப் போயிற்று
தரைமட்டத்து ஜன்னல்.

ஈரப்பா கை குலுக்கினார்.
மிளகாய்ப்பொடி என் விரலில் இருந்தது.
கண்ணைத் துடைத்துக்கொண்டேன், இன்னும் எரிந்தது.

திங்கட்கிழமை
நோட்டை எடுக்கவில்லை.
மூன்றாவது பெட்டி, கதவோரம்.
சட்டைப்பையில் ஒரு கவர்,
அதில் பாதிப் பணம்.
பாதி என்பது சரியா, கூடுதலா, கேவலமா
கன்டோன்மென்ட்வரை முடிவாகவில்லை.
கையை எப்படி ஆட்டுவது,
என்ன சொல்லிக் கூப்பிடுவது,
கம்பிக்குள் கவர் எட்டுமா?

மஞ்சள் சுவர் வந்தது.
நீல வாளி வந்தது.
வாளியருகே குனிந்து ஒருத்தி நிமிர்வதும் வந்தது.

சிக்னல் விழுந்திருந்தது.
ஆறு வருடத்தில் முதல்முறையாக
ரயில் நிற்கவில்லை.