இருபத்து நான்கு நொடி

குஹ்மோ தீயணைப்பு நிலையம். பின்லாந்து.
நான்காம் காலாண்டு.
மணி அடித்ததிலிருந்து வண்டி வாசல் தாண்டும்வரை
முதல் பிரிவுக்கு எழுபது நொடி.
மூன்றாம் பிரிவுக்கு எழுபத்தொன்று.
இரண்டாம் பிரிவுக்கு மட்டும் தொண்ணூற்று நான்கு.
அந்தக் கட்டத்தைக் கணினி
தானாகவே சிவப்பாக்கிக்கொண்டது.

பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள்.
கயானி நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டர்.
நடுச்சாலையில் ஒரு ரெயின்டீர் நின்றது,
எந்த இலக்கும் விதிக்கப்படாத நிதானத்தோடு.

முதலில் குளிரைச் சந்தேகித்தேன்.
மைனஸ் முப்பத்தொன்று,
கதவு உறைந்திருக்கலாம்.
பிரிவுத் தலைவர் ஒஸ்மோ எனக்குக் காபி ஊற்றினார்.
"அதே கதவுதான் மற்ற இரண்டு பிரிவுக்கும்."
அதற்குமேல் பேசவில்லை.
இந்த ஊரில் அது மரியாதைக் குறைவில்லை.

பணியாளர் நலப் படிவத்தில் பதினெட்டுக் கேள்வி.
தூக்கம்? நன்று.
பசி? நன்று.
மனநிலை? நன்று.
ஐந்து பேர், ஐந்து நன்று.
கடைசிக் கேள்விக்குக் கீழே மட்டும் யாரோ
'காபி இயந்திரம் கசிகிறது' என்று எழுதியிருந்தார்கள்.
அந்தக் கட்டிலேயே
நான் நம்பிய வரி அது ஒன்றுதான்.

மாலையில் நிலையத்துச் சௌனா.
ஆண்கள் முடித்துப் போனபின் நானும் சன்னியும்.
உள்ளே பதவி கிடையாது,
குத்திக்கொள்ளச் சட்டை வேண்டுமே.
அவள் அகப்பையில் நீரள்ளிக் கல்லின்மேல் வீசினாள்.
சுரீரென்று எழுந்த ஆவி
கூரையைத் தொட்டுவிட்டு எங்கள் தோளில் இறங்கியது.
அது அடங்கும்வரை பொறுத்து,
"இல்போ இப்போது வருவதில்லை" என்றாள்.
"சௌனாவுக்கா?"
"அக்டோபரிலிருந்து."

அக்டோபரில் என்ன என்று நான் கேட்கவில்லை.
என் அட்டவணையிலேயே இருந்தது.
ஏரிக்கரைக் குடில். இரவு. இரண்டு பேர்.
சென்றுசேர்ந்த நேரம் இலக்குக்குள்.
பச்சை.

"கல்லில் தண்ணீர் விழும் சத்தம்தான்" என்றாள்.
மறுபடி அகப்பையை எடுத்தவள்
யோசித்துக் கீழே வைத்தாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக:
மணி அடித்ததும் பூட்ஸுக்குள் காலை விடுகிறான்.
நிற்கிறான்.
ஒரு கை சுவரைப் பிடித்திருக்கிறது.
வண்டியில் நால்வர், இன்ஜின் ஓடுகிறது.
யாரும் ஹாரன் அடிப்பதில்லை,
பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
ஒஸ்மோ துடைத்த கண்ணாடியையே துடைப்பார்.
அவன் வருவான். கதவு சாத்தும்.

காரணம் என்ற கட்டத்தில்
நாற்பது எழுத்துதான் கொள்ளும்.
பனி என்று அடித்தேன். அழித்தேன்.
பணியாளர் என்று அடித்தேன்.
படிக்கிறவர் நல்லெண்ணத்தோடு, ஒரே கையெழுத்தில்
இல்போவை மேசைக்கு மாற்றிவிடுவார்.
அதையும் அழித்தேன்.
ஒன்றும் எழுதாமல் விட்டாலோ
அந்த இருபத்து நான்கு நொடியும்
யார் வீட்டுக் கூரையிலோ எரியும்.
நால்வரின் அன்பில் வெந்துபோக
அந்த வீட்டார் ஒப்புக்கொண்டார்களா என்ன?

தணிக்கை என்கிறோம்.
பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கை இருக்கிறது.
பதினாறு வருடமாய் அது எண்ணியிருக்கிறது.
தணித்ததாய் நினைவில்லை.

இரவு ஒன்பதுக்குக் கீழே இறங்கினேன்.
இல்போ குழாய்களை உலர்த்தத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே உலர்ந்த குழாய்களை.
படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.
"காலையில் கயானிவரை நீ வண்டி ஓட்டுவாயா?
எனக்கு இந்தச் சாலை பயம்.
அங்கே ஒருவர் இருக்கிறார்,
கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை.
உன்னை அவரிடம் விட்டுவிட்டு
நான் என் அலுவலகம் போவேன்."

அவன் குழாயின் பித்தளை வாயைப் பார்த்தான்.
எண்ணக் கூடாதென்றுதான் இருந்தேன்.
பதினொன்று வரை எண்ணிவிட்டேன்.

"காபி இயந்திரத்தையும்
ஏற்றிக்கொள்ளலாமா?" என்றான்.
"கசிகிறது."